கோல் வறண்ட ஸ்ட்ரைக்கரும் ஜனவரிச் சந்தையும்

ஜனவரி பிறந்தால் போதும், இங்கிலாந்துக் கால்பந்துச் செய்திகளில் யாராவது ஒருவர் பெயர் அடிபடும். வாரக்கணக்கில் கோல் அடிக்காத ஒரு ஸ்ட்ரைக்கர், அவரை வாங்கப்போவதாகச் சொல்லப்படும் இரண்டு மூன்று கிளப்புகள். ராத்திரி கண்விழித்து பிரீமியர் லீக் பார்க்கத் தொடங்கியிருக்கும் நம் பிள்ளைகள் இதையெல்லாம் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே படிக்கிறார்கள். தெரியாத வார்த்தைக்கு அகராதி இருக்கிறது. தெரிந்த வார்த்தைதான் காலை வாரிவிடுகிறது. கேட்டுப் பழகிய சில நம்பிக்கைகளும்தான்.

“லோன் என்றால் கடன், ஃப்ரீ என்றால் இலவசம்.”

வங்கிக் கடனுக்கும் இந்த லோனுக்கும் சம்பந்தமில்லை. ஒப்பந்தம் பழைய கிளப்பிடமே இருக்க, ஆள் மட்டும் அரைப் பருவமோ முழுப் பருவமோ வேறு இடத்தில் போய் ஆடுவதுதான் லோன். ரொமெலு லுகாகுவை 2021-ல் இன்டர் மிலானிடமிருந்து செல்சி 9.75 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. அடுத்த ஆண்டே அதே இன்டருக்கு லோனில் அனுப்பியது! ஃப்ரீ என்பது ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறுவது. 1995-ல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, அப்படிப் போகிறவருக்காகப் பழைய கிளப் விலை கேட்க முடியாது. அதற்காகச் சும்மா வருகிறார் என்று நினைக்க வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல பங்கை அவரே சம்பளமாகவும் கையெழுத்துத் தொகையாகவும் கேட்டு வாங்கிவிடுவார். ஒருவரை ஒரு கிளப்போடு ‘லிங்க்’ செய்து எழுதியிருந்தால், அது வெறும் பேச்சு. அன்றைக்கே ஜெர்சி வாங்கிவிடாதீர்கள்.

“கிளப் நினைத்தால் விற்றுவிடலாம்.”

முடியாது. இரண்டு கிளப்பும் விலை பேசி முடித்தாலும், ஆட்டக்காரர் தலையாட்டாவிட்டால் பேரம் அங்கேயே நின்றுபோகும். உதாரணம் வின்ஸ்டன் போகார்ட். அவர் ஸ்ட்ரைக்கர் அல்ல, டச்சுத் தடுப்பாட்டக்காரர். 2000-ல் செல்சியோடு நான்காண்டு ஒப்பந்தம் போட்டார். கிளப் அவரை வெளியே தள்ளப் பார்த்தது, அவர் அசையவில்லை. லீக்கில் ஒன்பதே ஆட்டம் ஆடி, கடைசி மாதச் சம்பளம்வரை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். பத்திரிகைகள் ஏசித் தீர்த்தன. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது இரண்டு தரப்பும்தானே என்பது என் கட்சி.

“விலைதான் தரம்.”

2011 ஜனவரி 31. ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் ஜனவரிச் சந்தை மூடும் நாள். ஃபெர்னாண்டோ டோரஸை லிவர்பூலிடமிருந்து செல்சி 5 கோடி பவுண்டுக்கு வாங்கியது; அன்றைக்கு அது பிரிட்டிஷ் சாதனை. கையில் பணம் வந்த லிவர்பூல் அதே நாளில் நியூகாசிலின் ஆண்டி கேரலுக்கு 3.5 கோடி கொடுத்தது. வாங்குகிறவரிடம் பணமும் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது, கடிகாரமும் ஓடுகிறது என்று விற்பவருக்குத் தெரிந்துவிட்டால் என்ன விலை சொல்வார்? அதே சமயத்தில் கேரலைவிட எவ்வளவோ மலிவாக லிவர்பூலுக்கு வந்தவர் லூயிஸ் சுவாரெஸ். கேரல் அங்கே லீக்கில் மொத்தம் ஆறு கோல் அடித்தார். சுவாரெஸ் 2013-14 பருவத்தில் மட்டும் 31.

“கோல் வரவில்லையா, ஆள் முடிந்தார்.” இதற்கு நேர் எதிரான இன்னொன்றும் உண்டு: “இடம் மாறினால் கோல் வரும்.” இரண்டையும் ஒரே ஆள் ஒரே வாயால் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

டியேகோ ஃபோர்லான் 2002 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெடுக்கு வந்தார். முதல் கோலுக்கு எட்டு மாதம், 27 ஆட்டம் ஆனது. அதுவும் மக்காபி ஹைஃபாவுக்கு எதிரான ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கிடைத்த பெனால்டி. கேலிப்பொருளாகவே ஊர் அவரை வைத்திருந்தது. 2004-ல் ஸ்பெயினின் வில்லாரியலுக்குப் போனார். அந்தப் பருவமே 25 கோல், லீக்கிலேயே அதிகம். 2010 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். 2016-ல் மும்பை சிட்டிக்காக நம் நாட்டிலும் வந்து ஆடிவிட்டுப் போனார்.

டோரஸ் கதை தலைகீழ். லிவர்பூலில் முதல் பருவமே லீக்கில் 24 கோல் அடித்தவர். 2010-ல் முழங்காலில் இரண்டு முறை கத்தி பட்டது. பழைய ஓட்டம் திரும்பவில்லை. செல்சியில் வாரக்கணக்கில் கோலே இல்லை. 2011 ஏப்ரல் 23, வெஸ்ட் ஹாமுக்கு எதிராகக் கொட்டும் மழையில் ஆட்டம். அவருக்கு வந்த பந்து தேங்கிய தண்ணீரில் சட்டென்று நின்றது. அவரும் தடுமாறினார். திரும்பி அடித்தார், உள்ளே போனது. ஒட்டுமொத்த அணியும் அவர்மேல் வந்து விழுந்தது. அந்தக் கோலோடு எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்தப் பருவத்தில் செல்சிக்காக அவர் அடித்தது அந்த ஒன்று மட்டும்.

2014-ல் ஏசி மிலானுக்குப் போனார். லீக்கில் பத்து ஆட்டம், ஒரு கோல். அடுத்த ஜனவரியில், சிறுவனாக இருந்தபோது பந்து பழகிய அட்லெடிகோ மாட்ரிட்டுக்கே லோனில் திரும்பினார். ஆட்டம் எதுவும் இல்லாத நாளில், அவரைப் பார்ப்பதற்கென்றே 45,000 பேர் மைதானத்துக்கு வந்தார்கள். பதினோரு நாள் கழித்து ரியல் மாட்ரிட்டின் பெர்னபேவ் மைதானத்தில், ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் முடிவதற்குள் அவர் அடித்த பந்து வலைக்குள் கிடந்தது.