ஆயாவின் கண்ணும் ஐம்பதாயிரம் ரூபாயும்

மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்

மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் கேட்டபோது, லேத் பற்றியோ வெல்டிங் பற்றியோ எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம் என்னைக் காஸ்டிங் பாடத்துக்குள்ளேயும் அங்கிருந்து கண் ஆஸ்பத்திரிக்குள்ளேயும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதையே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. அம்மாவும் ஆயாவும் வீட்டில் புளி தட்டுகிறார்கள். புளியிலிருந்து ஓடும் கொட்டையும் எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நம்ம மாவட்டத்தில் இந்த வேலை தெரியாத வீடு கம்மி. போன மாசிக்கு அப்புறம் ஆயா கொட்டையை விட்டுவிட்டு விரலைத் தட்ட ஆரம்பித்தார். "வெளிச்சம் பத்தலடா" என்பார். நடுப்பகலில்!

பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண் முற்றிவிட்டது, இலவசமாக லென்ஸ் வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். ஆனால் சித்தப்பா விடவில்லை. "ஓசி லென்ஸ் ஓசி மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லி டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு தாளைக் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். மடிக்கக்கூடிய லென்ஸ், மெஷின் ஆபரேஷன், ஒரு கண்ணுக்கு 24,000 ரூபாய். இதை வைத்தால்தான் பார்வை சரியாக வரும் என்று வாயாலும் சொன்னார்கள். அப்பா அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "நீதான் படிச்சவன், நீ சொல்லு" என்றார். அம்மா அதற்குள் காதில் இருந்த தோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். படிச்சவன் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாலு நாள் டைம் கேட்டேன்.

நம்ம காஸ்டிங் சார் கதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கூடுதலா கொடுக்கிற காசுக்குக் கூடுதலா என்ன வருது?" மொத்தம் என்ன வருகிறது என்பதல்ல, கூடுதலாக என்ன வருகிறது. இரண்டு மெஷினில் எதை வாங்குவது என்று நாம் போடும் கணக்குதான் இது. மருத்துவத்திலும் இதே கணக்கு உண்டு, அதற்கென்று உலகம் முழுக்க அமைப்புகள் உண்டு என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் இதற்காகவே 1999-ல் நைஸ் என்ற நிறுவனம் வந்தது. நம் நாட்டில் 2017-ல் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு வந்தது. அந்த அமைப்பு ஆரம்பத்தில் எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் ஒன்று என்ன தெரியுமா? கண்புரைக்கு எந்த லென்ஸ் என்பதுதான்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கணக்கு இப்படி. மெஷினின் பலனை எத்தனை பீஸ் வருகிறது என்று அளப்போம். சிகிச்சையின் பலனை எதில் அளப்பது? முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஒரு வருஷத்துக்கு 1 என்று மதிப்பு. கண் தெரியாமல், வலியோடு, படுக்கையில் வாழும் வருஷத்துக்கு அதைவிடக் குறைவு. ஆயுளையும் அதன் தரத்தையும் பெருக்கி வருவதைக் குவாலி என்கிறார்கள்.

ஆயாவையே வைத்துப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஆயா இன்னும் 8 வருஷம் இருப்பார் என்று வைப்போம் (நூறு வயசு இருக்கட்டும், கணக்குக்காகச் சொல்கிறேன்). கண் தெரியாத வருஷம் 0.60. சாதாரண விறைப்பான லென்ஸ் வைத்தால் 0.85, மடிக்கிற லென்ஸ் வைத்தால் 0.86. ஆபரேஷனுக்கு ஆகும் செலவு முதலாவதுக்கு 6,000, இரண்டாவதுக்கு 10,000 ரூபாய்.

முதல் வழியில் வருஷத்துக்கு 0.25 வீதம் 8 வருஷத்துக்கு 2 குவாலி கிடைக்கிறது. ஒரு குவாலிக்கு 3,000 ரூபாய். இரண்டாவது வழியில் 2.08 குவாலி. 10,000-ஐ 2.08-ஆல் வகுத்தால் சுமார் 4,800 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். இங்கேதான் நாம் வழுக்கி விழுகிறோம். கூடுதலாகக் கொடுத்தது 4,000, கூடுதலாகக் கிடைத்தது வெறும் 0.08. அந்தக் கூடுதல் பலனுக்கு ஒரு குவாலி 50,000 ரூபாய்! சராசரி எடுத்தால் இது கண்ணில் படாது.

இதையே அரசாங்கம் போட்டால்? கையில் 60 லட்சம் இருக்கிறது என்று வையுங்கள். சாதாரண லென்ஸ் என்றால் 1,000 பேருக்கு ஆபரேஷன். மடிக்கிற லென்ஸ் என்றால் 600 பேருக்கு. மீதி 400 ஆயாக்கள் விரலைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

என் எண்கள் கற்பனை. நிஜ ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நேபாளத்தில் 108 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, பாதிப் பேருக்கு மெஷின் வைக்கும் ஃபேகோ முறையிலும் பாதிப் பேருக்குக் கையால் சிறு கீறல் போட்டுத் தையல் இல்லாமல் செய்யும் முறையிலும் ஆபரேஷன் செய்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் 98 சதவீதம் பேருக்குக் கண்ணாடியோடு நல்ல பார்வை. ஃபேகோவுக்குச் சராசரி 15.5 நிமிஷம், கை முறைக்கு 9 நிமிஷம். நம்ம மதுரையிலேயே அரவிந்த் கண் மருத்துவமனையில் 2004-ல் வெளியான செலவு ஆய்வில், ஆஸ்பத்திரிக்கு ஆகும் செலவு சிறு கீறல் முறைக்கு 17.03 டாலர், ஃபேகோவுக்கு 25.55 டாலர் என்று வந்தது. நான் சொன்ன மத்திய அரசு அமைப்பும் அரசுத் திட்டங்களுக்குச் சிறு கீறல் முறையும் விறைப்பான லென்ஸும்தான் பொருத்தம் என்று சொன்னது.

மடிக்கிற லென்ஸ் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கீறல் இன்னும் சின்னது, சீக்கிரம் ஆறும், கண்ணாடித் தேவை கொஞ்சம் குறையலாம். காசு இருக்கிறவர் வைத்துக்கொள்ளட்டும். "இதை வைத்தால்தான் பார்வை வரும்" என்று சொன்னது மட்டும்தான் பொய்.

அப்படியென்றால் எது மலிவோ அதுவே போதும் என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. நமக்குப் பக்கத்து மைசூரில் நடந்த ஆய்வு ஒன்று 2000-ல் லான்செட் இதழில் வந்தது. அந்தக் காலத்தில் அரசு முகாம்களில் செய்த ஆபரேஷன் செலவு குறைந்த வழிதான். ஆனால் அங்கே செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆபரேஷன் ஆன கண்ணில் பார்வை வரவே இல்லை. பலன் கிடைத்தவர்களை மட்டும் வைத்து வகுத்தபோது முகாமின் செலவு ஆளுக்கு 97 டாலராக ஏறிவிட்டது. தொண்டு ஆஸ்பத்திரிகளில் 54 டாலர். ஸ்கிராப் ஆன பீஸையும் கணக்கில் சேர்த்தால்தான் ஒரு பீஸின் உண்மையான விலை தெரியும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்களே, அதேதான்.

இனி கண்டுபிடிப்பு விஷயத்துக்கு வருகிறேன், இது நம்ம டிபார்ட்மெண்ட். 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் முதல்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் உடைந்து ஏறிய அக்ரிலிக் சில்லு, கண்ணைக் கெடுக்காமல் அப்படியே கிடந்ததைப் பார்த்து வந்த யோசனை அது. ஆனால் 1980-கள் வரைக்கும் நம் ஊர் ஏழைகளுக்குக் கிடைத்தது சோடா புட்டிக் கண்ணாடிதான். ஆபரேஷனில் கண் லென்ஸை எடுத்துவிட்டு வெளியே தடிக் கண்ணாடி போட்டு அனுப்புவார்கள். உடைந்தால் மறுபடி குருடு. காரணம், வெளிநாட்டு லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர்.

1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு மதுரையில் ஆரம்பித்த அரவிந்த், 1992-ல் ஆரோலேப் என்று சொந்தமாக லென்ஸ் தொழிற்சாலை போட்டது. விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது, அப்புறம் அதற்கும் கீழே. இன்று அந்த லென்ஸ் 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. 1993-ல் உலக வங்கி தன் அறிக்கையில் எந்தச் சிகிச்சைக்குக் காசு போட்டால் எவ்வளவு பலன் என்று அளந்தது. கண்புரை ஆபரேஷன் அதில் நல்ல இடத்தில் இருந்தது. 1994 முதல் 2002 வரை அந்த வங்கியின் கடனோடு தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்களில் கண்புரைத் திட்டம் நடந்தது. சோடா புட்டி போய் லென்ஸ் வந்தது அந்தக் காலத்தில்தான்.

இதில் நான் பார்ப்பது இதுதான். ஓர் ஆபரேஷனுக்கு அரசோ இன்சூரன்ஸோ எவ்வளவு திருப்பிக் கொடுக்கும் என்று ஒரு கோடு போட்டுவிட்டால், அந்தக் கோட்டுக்குள் நல்ல பொருளை எப்படிச் செய்வது என்று மூளை ஓடுகிறது. கோடே இல்லாத இடத்தில், விலையை எப்படி ஏற்றுவது என்று ஓடுகிறது. இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டைப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், சாதா ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. உடனே சில கம்பெனிகள் தங்கள் புது மாடல்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டன. புதுமை செத்துவிடும் என்று பேச்சு வந்தது. அவற்றில் ஒன்று உடம்பிலேயே கரைந்து போகும் மிக உயர்ந்த விலை ஸ்டென்ட். அதே வருஷம் செப்டம்பரில் அதன் விற்பனையை உலகம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். பழைய ஸ்டென்ட்டைவிட அதில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம் என்று ஆய்வில் வந்திருந்தது! புதுசு எல்லாம் பெரிசு இல்லை. ஆனால் கோட்டை ரொம்பக் கீழே போட்டால் நல்ல பொருளும் வராமல் போகும், லென்ஸின் தரத்தில் கை வைப்பார்கள் என்பதும் உண்மை. கோடு எங்கே என்பதில்தான் முழுச் சண்டையும்.

நாலாம் நாள் அப்பாவிடம், "இலவசத்திலேயே பண்ணிக்கலாம்பா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர ராத்திரி தூக்கம் இல்லை. படிச்சவன் சொன்னான் என்று ஆயாவின் கண் போனால்? கட்டுப் பிரித்த அன்று ஆயா முதலில் என்னைப் பார்த்து, "ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்றார். அம்மாவின் தோடு காதிலேயே இருந்தது.

ஆனால் என் நோட்டில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அப்பாவுக்கு மூன்று நாள் கூலி போனது 2,700. அம்மாவுக்கு இரண்டு நாள் 500. மறுபரிசோதனைக்குப் போய்வந்த செலவு, சாப்பாடு எல்லாம் 400. ஆயாவுக்கும் அம்மாவுக்கும் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, அப்பாவுக்கு உண்டு. ஆகமொத்தம் 3,600 ரூபாய். நான் மேலே ஓர் ஆபரேஷனுக்கு வைத்த 6,000-ல் பாதிக்கு மேல், இலவசம் என்று சொன்ன சிகிச்சைக்கு. பணம் கொடுக்கிறவர் பக்கம் மட்டும் நின்று போடும் கணக்கில் இந்த 3,600 எந்தக் கட்டத்திலும் வராது. நோயாளி வீட்டுச் செலவையும் சேர்த்துப் போடும் முறை இருக்கிறது. அப்படிப் போட்டால், ஆளை அலைய விடாமல் ஊருக்குப் பக்கத்திலேயே மறுபரிசோதனை செய்யும் ஏற்பாடுதான் லென்ஸை மாற்றுவதைவிட லாபமாக வரும் என்பது என் எண்ணம். நம்மில் யாராவது புராஜெக்டுக்கு எடுக்கலாமே என்று சாரிடம் கேட்டிருக்கிறேன்.

இடது கண்ணுக்குத் தை மாசம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா பெங்களூரிலேயே இருக்கட்டும், பொங்கல் லீவை ஒட்டி ஒரு நாள் வாங்கி நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.