சிகிச்சைகள் ஒன்றையொன்று அறிந்து நடக்கின்றனவா? நோயாளரே அளந்து சொல்லும் முறை

நீடித்த நோயுடன் வாழ்பவர் ஒரே இடத்தில் மருத்துவம் பெறுவது அரிது. மல்லாங்கிணறு வட்டாரத்தில் சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் உடைய ஒருவரை எண்ணிப் பாருங்கள். மாதாந்திர மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கிடைக்கின்றன. கண்ணையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்கிறார். இதயத்தில் ஐயம் ஏற்பட்டால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. இடையே காய்ச்சல் கண்டால் அருகிலுள்ள தனியார் மருத்துவர்; மூட்டு வலித்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. ஒவ்வோர் இடத்திலும் நல்ல கவனிப்பே கிடைக்கலாம். ஆயினும், ஓரிடத்தில் செய்தது மற்றோரிடத்துக்குத் தெரிந்ததா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது.

அக்கேள்வி சிறியதன்று. மூட்டுவலிக்கு உட்கொள்ளும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் தளர்த்தக்கூடும். மூச்சிரைப்புக்குத் தரப்படும் பிரெட்னிசோலோன் சர்க்கரையை ஏற்றிவிடும். கிளிமிபிரைடு என்னும் ஒரே மருந்து இரு வேறு வணிகப் பெயர்களில் இரண்டு இடங்களிலிருந்து வீடு வந்து சேர்ந்தால், இரண்டையும் விழுங்குபவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து கைநடுக்கமும் வியர்வையும் மனக்குழப்பமும் உண்டாகும். வீட்டுத் திண்ணையில் அது நேர்ந்தால் ஒரு பிடி சர்க்கரை காப்பாற்றிவிடலாம். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறையில் கை நடுங்கினால் என்னவாகும் என்பதை இவ்வட்டாரத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பு, உயர் இரத்த அழுத்தம் உடையோரில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் உடையோரில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருப்பதாகக் காட்டியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. மாத்திரைகளையும் இயன்முறை மருத்துவத்தையும் நோய் ஆதரவு சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கும் இத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகளின் விருதையும் பெற்றது. எத்தனை வீடுகளுக்கு மாத்திரை சென்றது, எத்தனை பேருக்கு அழுத்தம் தணிந்தது என்பனவற்றைப் பதிவேடுகளிலிருந்து எண்ணிவிடலாம். விருதுநகரில் எழுதிய சீட்டை மல்லாங்கிணற்றில் எவரேனும் படித்துப் பார்த்தனரா என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. எல்லா இடங்களுக்கும் நேரில் சென்று வந்தவர் நோயாளர் ஒருவரே. ஆகவே அதற்குச் சான்று சொல்லத்தக்கவரும் அவரே.

இச்சான்றை முறையாகப் பெறுவதற்கெனப் பல வினாப்பட்டியல்கள் உள்ளன. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று ‘பேசிக்’ எனச் சுருக்கமாக வழங்குவது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்வர்டு வாக்னர் என்னும் மருத்துவர் நீடித்த நோய்க்கான பராமரிப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்று ஒரு மாதிரியை வகுத்தார். அதை அடியொற்றி ரஸ்ஸல் கிளாஸ்கோ முதலானோர் 2005இல் இவ்வினாக்களை வெளியிட்டனர். மொத்தம் 20 வினாக்கள், ஐந்து பகுதிகள். கடந்த 6 மாதங்களில் ஒரு செயல் எத்தனை முறை நிகழ்ந்தது என்பதற்கு, ‘ஏறக்குறைய ஒருபோதும் இல்லை’ என்றால் 1, ‘ஏறக்குறைய எப்போதும்’ என்றால் 5 என மதிப்பெண் இட வேண்டும்.

இதில் கவனிக்கத்தக்கது, ‘உங்களுக்குத் திருப்தியா?’ என்று பெரும்பாலான வினாக்கள் கேட்பதில்லை. திருப்தி என்பது எதிர்பார்ப்பைப் பொறுத்தது. மூன்று மணி நேரம் காத்திருந்து, ‘டாக்டர் நன்றாகப் பேசினார்’ என்று மகிழ்ந்து திரும்புபவரும் உண்டு. நிகழ்ந்தது எது, நிகழாதது எது என்று கேட்டாலோ விடை தெளிவாகும். மாத்திரையால் ஏதேனும் தொல்லை உண்டா என்று கேட்டனரா? செய்ய வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தனரா? வந்து சென்ற பின் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தனரா? வேறு மருத்துவரிடம் சென்று வந்தது உங்கள் சிகிச்சைக்கு எவ்வாறு உதவியது என்று விளக்கினரா? வினாக்களின் போக்கு இத்தகையது.

அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்கத்தக்க ஒரு திட்டத்தை உங்களோடு சேர்ந்து வகுத்தனரா என்ற பொருளிலும் ஒரு வினா உண்டு. இருபதில் இதுவே நம் வட்டாரத்துக்கு மிக நெருக்கமானது எனலாம். செய்த எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவர் வேலையை நிறுத்திவிட்டு நடுப்பகல் மாத்திரையை விழுங்குவது எளிதன்று. பரிசோதனைக்கு ஒரு நாள் சென்றால் அன்றைய கூலி போயிற்று. இதை எவரும் கேளாமலே ‘மூன்று வேளை, உணவுக்கு முன்’ என்று சீட்டில் எழுதப்படுமானால், அவ்வினாவுக்கு 1 என்று இடுவதே நேர்மையாகும்.

மதிப்பெண்களைக் கூட்டி வினாக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஐந்து பகுதிகளுள் தொடர் கவனிப்பும் ஒருங்கிணைப்பும் பற்றிய பகுதியில் 5 வினாக்கள் உள்ளன. ஒருவர் அவற்றுக்கு 4, 1, 2, 1, 2 என இட்டார் என்று கொள்வோம். கூடுதல் 10, சராசரி 2. மற்ற 15 வினாக்களுக்கும் 4 வீதம் இட்டால் 60. மொத்தம் 70ஐ 20ஆல் வகுக்க வருவது 3.5. பொதுச் சராசரியை மட்டும் காண்பவர் ‘பரவாயில்லையே’ என்று நகர்ந்துவிடுவார். இரு மருத்துவமனைகளுக்கிடையே அறுந்து கிடக்கும் இழை அவர் கண்ணில் படாது. ஆகையால் பகுதிவாரியாகப் பார்ப்பதே பயன் தரும்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு ‘பாரிஸ்’ என்னும் பெயரில் இதே நோக்கத்துடன் 19 நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. 45 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். அந்நாடுகளுள் இந்தியா இல்லை. நம்மவர் அனுபவத்தை நாமே கேட்டறிய வேண்டியிருக்கிறது.

கேட்டறிவதிலும் இடர்கள் உண்டு. மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். ‘அக்கா, எல்லாம் சரியாக நடக்கிறதா?’ என்று அவரே வினவினால், ‘ஒரு குறையும் இல்லை தாயி’ என்பதே விடையாக வரும். அது பண்பு, அளவீடு ஆகாது. குறை சொன்னால் அவருடைய வேலைக்குக் கேடு வருமோ, அடுத்த மாதம் மாத்திரை நின்றுவிடுமோ என்ற அச்சமும் அதில் கலந்திருக்கும். சேவையை வழங்குபவரே மதிப்பெண்ணும் கேட்பது முறையன்று. வேறொருவர், பெயர் குறிக்காமல் கேட்பதே நல்லது. மற்றோர் இடர் வீட்டிலேயே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்காக மகன் விடையளிக்கிறார். மருத்துவமனைக்கு உடன் சென்றது மகன். நாள்தோறும் மாத்திரை விழுங்குவதோ தாய். வினாவைப் படித்துச் சொல்வதோடு மகன் நின்றுகொண்டு, எண்ணைத் தாயே சொல்லும்படி விடுவது நலம். தமக்குப் பொருந்தாத வினா என்று தோன்றினால் நடுவில் உள்ள 3ஐ இட வேண்டாம். விடாமல் வெற்றிடமாக வைத்தால் போதும்.

இவ்விதழைப் படிப்போர் வீட்டில் நீடித்த நோயுள்ளவர் எவரேனும் இருப்பின், நான்கு வினாக்களை மட்டும் இன்றிரவு அவரிடம் கேட்டு எண்ணைக் குறித்துவையுங்கள். கடந்த 6 மாதங்களில், வேறு இடத்தில் தந்த மாத்திரைகளை மருத்துவர் கேட்டறிந்தாரா? அடுத்த பரிசோதனை எங்கே, எந்நாள் என்று தெளிவாகச் சொன்னார்களா? பெரிய மருத்துவமனையின் முடிவை இங்குள்ளோர் பார்த்தனரா? உங்கள் வேலை நேரத்தையும் உணவையும் விசாரித்தனரா? 1 அல்லது 2 இட்ட வினா எதுவோ, அதை அடுத்த வருகையின்போது முதலில் பேசுங்கள். அன்று வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் வாங்கியவை உட்பட, ஒரே பையில் இட்டுக் கொண்டுவாருங்கள். இரண்டு அட்டைகள் ஒரே மருந்தோ என்ற ஐயம் எழுந்தால், எதையும் தாமாக நிறுத்திவிடாமல், முறை நாள் வரும்வரை காத்திராமல், அன்றே செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள்.