கடைசிக் கட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கேர் பிளான் எழுதி எழுதியே கை ஓய்ந்துபோகிறது, வார்டில் யார் பெரியம்மா இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். டீச்சர் சிவப்பு மையில் சுழிக்கும் அந்த ஐந்து கட்டத் தாளைப் பல வார்டுகளில் யாரும் புரட்டுவதில்லைதான். வேலை மட்டும் அதே வரிசையில்தான் நடக்கிறது.

உனக்கு சமயபுரம் பக்கம் போஸ்டிங். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் மாரியம்மனுக்கே 28 நாள் பச்சைப் பட்டினி. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான் நைவேத்தியம். கூடவே விரதம் இருந்து மஞ்சள் சேலையில் வெறுங்காலோடு நடந்து வருபவர்களில் சுகர்காரர்களும் உண்டு.

அப்படி ஒரு அம்மா தலைசுற்றி, வேர்த்துக்கொட்டி வருகிறார் என்று வைத்துக்கொள். டாக்டர் 'லோ சுகர்' என்று எழுதுவார். நீ, "சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்தாதே, மாத்திரையைத் தனியாகக் கேள். "சோறுதாம்மா விட்டேன், மாத்திரையை விடலை" என்பார். காலையும் தூக்கிப் பார். கொப்புளம் உடைந்து சதை தெரியும், "வலிக்கலியே" என்பார். அந்த 'வலிக்கலியே'தான் பயம்; நரம்பு மரத்திருக்கலாம். சர்க்கரை நோய் என்பது டாக்டர் கண்டது. உணர்வு குறைந்த பாதம், புண் பெரிதாகும் அபாயம், விரதத்தை விட மனமில்லை: இவை நீ எழுத வேண்டியவை. விரதத்துக்காக அவரைத் திட்டாதே, மறுநாள் உன்னிடம் எதுவும் சொல்லமாட்டார். மாத்திரையை என்ன செய்வது என்று அவர் முன்னாலேயே டாக்டரிடம் கேள்.

நினைவு தெளிவாக இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி விரலில் குத்திப் பார்ப்பீர்கள். 70-ஐத் தாண்டியதும் உங்கள் செட்டில் எல்லோரும் 'இலக்கு எட்டியது' என்று எழுதிவிடுகிறீர்கள். அந்த அம்மா போட்ட மாத்திரை கிளிமிபிரைடு என்றால் அது பல மணி நேரம் வேலை செய்யும். ஏறிய சுகர் மறுபடி இறங்கும். அதனால் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கவேண்டும். அமெரிக்க நர்ஸ் ஐடா ஜீன் ஆர்லாண்டோ 1961-இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் வற்புறுத்தினார்: செய்த வேலை நோயாளிக்கு உதவியதா என்று அவரிடமே கேட்டு உறுதி செய்யாதவரை அது பழக்கதோஷத்தில் செய்த காரியம்.

ஹேண்ட் ஓவரில் 'சுகர் நார்மல்' என்று மட்டும் சொல்லாதே. நைட் சிஸ்டருக்கு மாத்திரை பெயரும் போட்ட நேரமும் வேண்டும். அடுத்து எனக்கு அனுப்பும் கேர் பிளானில் கடைசிக் கட்டமான மதிப்பீட்டில் மணியையும் அளவையும் அந்த அம்மா சொன்னதையும் எழுது.

அன்புடன்,
பெரியம்மா