ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறீர்களா?

● போலீசுக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 112. விமானம் ஏறும் முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

● வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் கைக்கு வராமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். ‘வெளியூரில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று யாராவது சொன்னால், அது மோசடி, விலகிவிடுங்கள்.

● குடியேறிய 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் உறுதிக் கடிதம் அவசியம். முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

● இந்திய வெளியுறவுத் துறையின் ‘மதத்’ தளத்தில் உங்கள் விவரங்களைப் பதிந்து வையுங்கள். ஆபத்து நேரத்தில் தூதரகம் உங்களைத் தேடிவர உதவும்.

● பகுதிநேர வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் பொது வரம்பு. ரசீதில்லாமல் கையில் கூலி தரும் வேலை, விசாவுக்கே உலை வைக்கும்.

● பல பல்கலைக்கழகங்களில் ‘டாண்டம்’ முறை உண்டு. ஒருவருக்கு உங்கள் மொழியைச் சொல்லிக்கொடுங்கள். அவரிடம் ஜெர்மன் பழகுங்கள். மொழியோடு ஒரு நட்பும் கிடைக்கும்.

● குளிர்கால இருட்டு மனதை அழுத்தும். தனியே தவிக்காமல் மாணவர் நல அமைப்பின் ஆலோசகரைப் பாருங்கள். வீட்டுக்குப் பேசும்போது ‘நல்லா இருக்கேன்’ என்று மறைக்க வேண்டாம்.