பிக்கப் இழுக்காவிட்டால்: பம்பைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

மரக்கறி மூட்டைகளோடு ஏ-9 வீதியில் லொறியொன்றை முந்த வெளியே எடுத்தபின், அக்சிலேட்டரை மிதித்தும் வாகனம் எழும்பாமல் திக்கித் திக்கி நிற்கிறது. காவலாளி இல்லாத புகையிரதக் கடவையில் ஏறும்போதும் இப்படி நடக்கலாம். இரண்டு வினாடித் தயக்கந்தானே என்று ஓட்டிக்கொண்டிருப்போர் இந்த இரண்டு இடங்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறுபக்கத்தில், இந்தத் தயக்கம் கண்டவுடன் "பம்ப் போய்விட்டது" என்று சொல்லி, டீசல் பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு போகத்தின் மிச்சம் அதிலேயே கரைந்துவிடும். பம்பைச் சரிசெய்து திரும்பப் பூட்டிய பின்னும் அதே தயக்கம் இருந்தால் யாரைக் கேட்பது? ஆகவே செலவில்லாத இடத்திலிருந்து தொடங்கி, பம்பைக் கடைசியாக வைத்துக்கொள்வதே முறை.

எமது ஊர்களில் இன்னும் ஓடுகின்ற பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் (2எல், 3எல், 5எல் எஞ்சின்கள்) போன்றவற்றை வைத்தே இங்கு பார்ப்போம். இவற்றில் டீசலைத் தாங்கியிலிருந்து இழுப்பது எஞ்சினோடு பூட்டிய அந்தப் பம்ப்தான். ஆகவே தாங்கியிலிருந்து பம்ப் வரையுள்ள குழாய் முழுவதும் உறிஞ்சப்படும் பாதை. இளநீரைக் குழல் வைத்துக் குடிப்பதை எண்ணிக்கொள்ளுங்கள். குழல் நசுங்கினால் இளநீர் வராது; குழலில் ஓட்டை விழுந்தால் காற்றுத்தான் வரும். ஓட்டை வழியே இளநீர் வெளியே ஒழுகாது. டீசல் குழாயும் அப்படித்தான். "எங்கும் ஒழுகவில்லை, ஆகவே குழாய் நல்லது" என்ற முடிவு இதனால்தான் பிழைத்துப்போகிறது.

முதலில் ஒருவரை அக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லி (எஞ்சின் நிறுத்தியிருக்க), பம்பிலுள்ள நெம்பு கடைசிவரை போகிறதா என்று பாருங்கள். கேபிள் தளர்ந்திருந்தாலோ, மிதியின் கீழ் கால்விரிப்பு சுருண்டிருந்தாலோ போகாது. ஐந்து நிமிட வேலை.

அடுத்து புகையைக் கவனியுங்கள். தயங்கும்போது கரும்புகை தள்ளினால் டீசல் வருகிறது, காற்றுப் போதவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். கிறவல் வீதியில் ஓடும் வாகனத்தின் எயர் பில்ரர் சீக்கிரம் அடைத்துவிடும். அதை உட்புறமிருந்து வெளிப்புறமாக மெதுவாகக் காற்றடித்துத் துப்புரவாக்கலாம்; கடதாசிப் பில்ரரைக் கழுவக் கூடாது. ரேர்போ உள்ள எஞ்சினாயின் அதன் இறப்பர்க் குழாய்களில் வெடிப்பு உண்டா என்றும் தடவிப் பாருங்கள். புகை அதிகமில்லாமல் இழுவை மட்டும் குறைந்தால், டீசல் போதியளவு வரவில்லை. கூடுதலான பிக்கப்களில் இதுவே கதை.

தாங்கி மூடியைத் தளர்த்திவிட்டுச் சிறிது தூரம் ஓடிப் பாருங்கள். தயக்கம் குறைந்தால் மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது.

பின்பு தண்ணீர். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பரல்களிலும் கான்களிலும் டீசல் சேர்த்துவைக்கும் பழக்கம் பல வீடுகளில் வந்தது. பரலின் கறளும் அடியில் நிற்கும் தண்ணீரும் அப்படியே வாகனத்துக்குள் போய்விடும். தண்ணீர் டீசலை விடப் பாரமானது. ஆகவே டீசல் பில்ரரின் அடியில் தங்கும். அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, மேலேயுள்ள கைப்பம்பை அமுக்கி, ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் கால் மணித்தியாலம் வையுங்கள். அடியில் தனியாகத் தெரிவது தண்ணீர். தெளிந்த டீசல் வரும்வரை வடியவிடுங்கள்.

பில்ரர் பழையதென்றால் மாற்றிவிடுவது நல்லது. மண்ணெண்ணெயில் கழுவித் திரும்பப் பூட்டுவது சிக்கனமல்ல. அழுக்கை உள்ளே தள்ளும் வேலை. புதியதைப் பூட்டும்போது பழைய இறப்பர் வளையம் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் அந்த இடத்தால் காற்று இழுக்கும். புது வளையத்தில் டீசல் தடவி, கையால் மட்டும் இறுக்குங்கள். அடியிலுள்ள தண்ணீர் அறியும் கருவியைப் பழையதிலிருந்து கழற்றி இதற்கு மாற்ற வேண்டும்.

இனி, காற்று இழுக்கிறதா என்ற சோதனை. பில்ரருக்கும் பம்புக்கும் இடையே தெளிவான பிளாஸ்ரிக் குழாய்த் துண்டொன்றைப் பூட்டி எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழிகள் தொடர்ந்து ஓடினால், காற்று எங்கோ புகுகிறது. கைப்பம்பின் இறப்பர், குழாய்க் கிளிப்புகள், அடிச்சட்டத்தோடு உரசி ஓட்டை விழுந்த இரும்புக் குழாய், இவற்றை வரிசையாகப் பாருங்கள்.

குமிழி இல்லை, தயக்கம் இருக்கிறது என்றால் கான் சோதனை. தாங்கியிலிருந்து பில்ரருக்கு வரும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, வேறொரு குழாயால் ஐந்து லீற்றர்க் கானிலிருந்து வடித்த டீசலைக் கொடுங்கள். வாகனத்தை நின்ற இடத்தில் வைத்தே அக்சிலேட்டரைச் சடுதியாக மிதித்துப் பாருங்கள். எஞ்சின் தயங்காமல் எழும்பினால் குற்றம் தாங்கிப் பக்கம். தாங்கிக்குள் இருக்கும் வலையில் கறளோ சீலைத்துண்டோ ஒட்டியிருக்கும். நின்றுபோய், பத்து நிமிடம் விட்டபின் நன்றாக ஓடும் வாகனங்களில் இதையே முதலில் சந்தேகிக்கலாம். காற்றடித்தால் அன்றைக்குச் சரியாகும். தாங்கியை இறக்கிக் கழுவாவிட்டால் அடுத்த கிழமை திரும்ப வரும்.

மண்ணெண்ணெய் கலப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 1990 களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியதைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஓடியவை பெற்றோல் எஞ்சின்கள். மேலே சொன்ன டீசல் பம்புக்கோ, அதற்குள் ஓடும் டீசலைத் தவிர வேறு உராய்வு எண்ணெய் கிடையாது. கலந்தால் அது தேயும்.

இவ்வளவும் பார்த்தும் தயங்கினால் நோசில்களையும் பம்பையும் பட்டறையில் சோதிக்கக் கொடுக்கலாம். நோசில்களை முதலில் கொடுங்கள், செலவு குறைவு. எதையெதைப் பார்த்தீர்கள் என்பதைக் கடதாசியில் எழுதிக் கொண்டுபோனால் மெக்கானிக்கும் அங்கிருந்தே தொடங்குவார். புதிய கொமன் ரெயில் பிக்கப்களில் மூடி, எயர் பில்ரர், தண்ணீர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றின் நோசில் குழாய்களை எஞ்சின் ஓடும்போது தளர்த்தினால், பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.