எந்தக் கம்பெனி? அது இரண்டாவது கேள்வி

டிப்ளமோ கைக்கு வந்ததும் புதுச்சேரிப் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது, "எந்தக் கம்பெனியில ஆள் எடுக்கறாங்க?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அங்கே எந்த முறையில் தயாரிக்கிறார்கள்? என்ன கற்றுக்கொள்வீர்கள், உங்கள் இடத்தில் எவ்வளவு சீக்கிரம் வேறு ஆளை நிறுத்த முடியும், இரண்டு வருடம் கழித்து ரெஸ்யூமில் என்ன எழுதுவீர்கள் என்பதையெல்லாம் அந்த முறைதான் முடிவு செய்கிறது. நம் ஊரில் எல்லா முறையும் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது.

1. கைவேலைப் பட்டறை. தோல் பை செய்யும் ஹைடிசைன் 1978இல் இங்கே சின்னப் பட்டறையாகத்தான் ஆரம்பித்தது. அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959 முதல் இருக்கிறது. கைக்காகிதம் என்றால் பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி, வலைச் சட்டத்தால் அள்ளி, தாள் தாளாக எடுப்பது. கூழ் கொஞ்சம் நீர்த்தாலும் தாள் மெலிந்துவிடும். பழகிய கைக்கு அது உடனே தெரியும். சின்ன ஆர்டரையும் எடுக்கலாம், டிசைனை நாளைக்கே மாற்றலாம், நல்ல விலையும் கேட்கலாம். ஆனால் உற்பத்தி மெதுவு, செலவு அதிகம், ஆளுக்கு ஆள் தரம் மாறும். சாம்பிளிங், மெர்ச்சண்டைசிங் பக்கம் போக ஆசையா? தாராளமாகச் சேருங்கள்.

2. பேட்ச். காலாப்பட்டில் இபுப்ரோஃபென் மூலப்பொருள் தயாரிக்கும் சோலாரா போன்ற பார்மா பிளாண்ட்டுகள் இந்த வகை. ஒரு ரியாக்டரில் ஒரு பேட்ச் முடித்து, கழுவி, அடுத்ததை ஏற்றுவார்கள். ஒரே உபகரணத்தில் பல சரக்கு எடுக்கலாம் என்பது லாபம். கழுவும் நேரமெல்லாம் நஷ்டம். எங்காவது பிசகினால் முழு பேட்ச்சும் ரிஜெக்ட் ஆகலாம். இங்கே உங்களைத் தூக்கி நிறுத்துவது கெமிஸ்ட்ரி மார்க் அல்ல, பேட்ச் ரெக்கார்டை எழுதும் ஒழுங்கு. டெம்பரேச்சரை அந்த நிமிடமே எழுதுங்கள். தப்பாகிவிட்டால் ஒற்றைக் கோடு, சரியான எண், கையெழுத்து, தேதி. ஒயிட்னரைத் தொட்டீர்களோ, தொலைந்தீர்கள். இந்தப் பழக்கம் படிந்தவரைத்தான் க்யூஏ டிபார்ட்மென்ட் கொத்திக்கொண்டு போகும்.

3. அசெம்பிளி லைன். வேர்ல்பூல் வாஷிங் மெஷின், லெனோவோ கம்ப்யூட்டர். நம்மவர்கள் அதிகம் போவதும், அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். 1913இல் ஹென்றி ஃபோர்டு ஓடும் லைனைக் கொண்டுவந்தார். ஒரு கார் சேஸிஸைக் கோக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் அந்த ஒரே வருடத்தில் வேலையை விட்டு ஓடியவர்கள் மொத்த ஆள் கணக்கைப் போல மூன்று மடங்குக்கு மேல். 1914இல் அவர் நாளுக்கு 5 டாலர் சம்பளம் அறிவித்ததற்கு தர்ம சிந்தனை காரணமல்ல.

முதலாளிக்கு லாபம் தெளிவு: அடக்கவிலை குறைவு, தரம் ஒரே சீர், புது ஆளைச் சீக்கிரம் பழக்கலாம். கடைசி லாபம்தான் உங்கள் நஷ்டம். நாள் முழுக்க ஒரே ஸ்க்ரூ முடுக்கினால், உங்களை யாரும் தேட மாட்டார்கள்.

தப்பிக்க வழி உண்டு. முதலில் கணக்கு கற்றுக்கொள்ளுங்கள். ஷிஃப்ட்டில் 450 நிமிடம் வேலை, 900 பீஸ் டார்கெட் என்றால் ஒரு பீஸுக்கு 30 விநாடி. இதுதான் டாக்ட் டைம். உங்கள் லைனில் எந்த ஸ்டேஷன் 38 விநாடி எடுக்கிறது என்று பாருங்கள். அங்கேதான் சரக்கு தேங்கும், சூப்பர்வைசர் கத்துவார். டூல் கைக்கெட்டும் இடத்தில் இல்லையா, பார்ட்ஸ் ட்ரே தலைகீழாக வருகிறதா என்று கவனித்து ஒரு பக்கக் கைசன் (சின்னச் சின்ன முன்னேற்ற யோசனை) எழுதிக் கொடுங்கள், உங்கள் பெயரைப் போட்டு. பெயரில்லாத ஐடியாவுக்கு இன்னொருவர் ப்ரொமோஷன் வாங்குவார். அடுத்து ஸ்டேஷன் மாற்றிக் கேளுங்கள். ஸ்கில் மேட்ரிக்ஸ் போர்டில் உங்கள் பெயருக்கு நேரே எத்தனை கட்டம் நிரம்பியிருக்கிறதோ, அப்ரைசலில் அவ்வளவு பேச முடியும். லீவு போட்டவர் இடத்தையெல்லாம் நிரப்பத் தெரிந்தவரை ஆட்குறைப்பு வரும்போது கடைசியில்தான் தொடுவார்கள்.

4. நிற்காத பிளாண்ட். காலாப்பட்டு கெம்ஃபாப் ஆல்கலீஸில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். இரவு பகல் ஓடும், டன்னுக்கு ஆள் செலவு சொற்பம். நிறுத்துவதும் மறுபடி ஓட்டுவதும்தான் பெரும் செலவு. சரக்கை மாற்றுவது கிட்டத்தட்ட முடியாது. நைட் ஷிஃப்ட் நிச்சயம், தீபாவளிக்கும் சேர்த்து. ஆனால் கன்ட்ரோல் ரூமின் டிசிஎஸ் ஸ்க்ரீனைப் படிக்கவும், பெர்மிட் சிஸ்டத்தை மதிக்கவும், அலாரம் அடித்தால் பதறாமல் நிற்கவும் தெரிந்த ஆபரேட்டருக்கு வளைகுடாவிலும் மதிப்பு உண்டு. வருடாந்திர ஷட்டவுன் சமயத்தில் லீவு கேட்காதீர்கள். வால்வும் பம்பும் பிரித்துப் போட்டிருக்கும் அந்த நாட்களில்தான் பிளாண்ட் உண்மையில் புரியும்.

ஒரே மெஷினோடு கட்டுண்டு கிடப்பது எவ்வளவு ஆபத்து என்று நம் ஊர் ஏஎஃப்டி பஞ்சாலைத் தொழிலாளர்களைக் கேளுங்கள். 1898இல் தொடங்கிய அந்த ஆலையை 2020இல் மூடினார்கள். 8 மணி நேர வேலை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் 1936 ஜூலை 30 அன்று சுடப்பட்டு இறந்த ஊரும் இதுதான். வேலை நேரத்துக்காக உயிரையே கொடுத்த ஊரில், ஓவர்டைமுக்குச் சட்டப்படி உள்ள இரட்டைச் சம்பளத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

இன்டர்வியூ முடிவில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். கேன்டீன், பஸ் பற்றிப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். "சார், சேஞ்ச்ஓவருக்கு இங்க எவ்வளவு நேரம் ஆகுது? ட்ரெய்னிய எத்தனை மாசத்துல ஸ்டேஷன் மாத்துவீங்க?" என்று கேளுங்கள். ஒரு சரக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஆகும் நேரத்தைக் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்கு ஃப்ளோர் தெரியும் என்று காட்டும். இரண்டாவதற்கு அவர் மழுப்பினால், ஆஃபர் லெட்டரில் கான்ட்ராக்டர் பெயர் இருக்கிறதா, கம்பெனி பெயர் இருக்கிறதா என்று நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.