என்ஜின் ஓடும்போதா, நின்ற பிறகா?

திருகோணமலை டவுனிலிருந்து சாம்பல்தீவு தாண்டி நிலாவெளிக்கு ஆள் ஏற்றும் வானில் பாட்டு கேட்பது என்ஜின் ஓடும்போது. ஞாயிற்றுக்கிழமை அதே வானைக் கடற்கரையில் நிறுத்தி, பின்கதவைத் திறந்துவிட்டுக் கேட்பது என்ஜின் நின்ற பிறகு. செட்டும் ஸ்பீக்கரும் அதேதான், மின்சாரம் வரும் இடம்தான் வேறு. கராஜில் போய் “எத்தனை வொட்ஸ் பூட்டலாம்?” என்று கேட்பதற்கு முன் இதைத் தீர்மானித்துக்கொண்டால் காசு மிஞ்சும்.

என்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது டைனமோ. பற்றரி தண்ணீர்த் தொட்டி மாதிரி, நிரப்பினால்தான் இருக்கும். முதல் வேலையாக ஒரு மல்டிமீட்டரால் பற்றரியை அளந்து பாருங்கள். நிறுத்தி வைத்த வாகனத்தில் நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. லைட், ஏசி, பாட்டு எல்லாம் போட்ட பிறகு 13க்குக் கீழே இறங்கினால், டைனமோ தருவதைவிட நீங்கள் எடுப்பது கூடிவிட்டது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் பழைய வாகனங்களே நம்மிடம் அதிகம். டைனமோவின் வயதையும் கணக்கில் எடுங்கள்.

1. இருக்கிற வயரிலேயே செட்

பெட்டியில் “50 வொட்ஸ் × 4” என்று எழுதியிருக்கும். பின்னால் இருப்பதோ 10 அம்பியர் பியூஸ். 14 வோல்ட்டை 10 அம்பியரால் பெருக்கினால் 140 வொட்ஸ். உள்ளே போவதே அவ்வளவு என்றால் வெளியே 200 எப்படி வரும்? ஆனாலும் ஓடும் வாகனத்துக்குள் கேட்க இது காணும். ஓட்டோவில் மின்சாரம் தரும் மேக்னெட்டோ சிறியது. அதில் இதற்கு மேல் ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

வழக்கமான செட்டில் மஞ்சள் வயர் பற்றரிக்கு, சிவப்பு வயர் திறப்புக்கு. திறப்பில்லாமலும் பாட வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து முறுக்கினால், செட்டை அணைக்க மறக்கும் ஒரே இரவு போதும், காலையில் வாகனத்தைத் தள்ளத்தான் வேண்டும்.

2. பற்றரியிலிருந்து தனி வயரில் அம்ப்

சப்வூபர் வேண்டுமென்றால் இந்த வழிதான். 400 வொட்ஸ் அம்ப் முழுச் சத்தத்தில் எவ்வளவு இழுக்கும்? ‘டி’ வகை என்றால் ஏறத்தாழ 36 அம்பியர். பழைய ‘ஏபி’ வகை என்றால் 55க்கு மேல், மிச்சமெல்லாம் சூடாகப் போகும். டைனமோ சிறியதென்றால் ‘டி’ வகையையே எடுங்கள்.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 40 அம்பியர் ஓடும் 5 மீட்டர் செம்பு வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 20 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.2 வோல்ட்கூடப் போகாது. செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவுதான், ஆனால் அதே வேலைக்கு இன்னும் தடிப்பானது வேண்டும். பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். அது வயரைக் காப்பதற்கு. வயர் போடியில் உரசினால் வாகனமே எரியலாம்.

3. இரண்டாவது பற்றரி

நிறுத்திவைத்துக் கேட்பவர்களுக்கு இது. 60 அம்பியர்-மணி பற்றரியில் பாதியை மட்டும் எடுப்பதென்றால், சராசரி 10 அம்பியரில் மூன்று மணி நேரம் பாடும். அதையே என்ஜின் ஸ்டார்ட் செய்யும் பற்றரியில் எடுத்தால், வீட்டுக்குத் திரும்புவது சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிலே வைத்து, என்ஜின் ஓடும்போது மட்டும் சேரும்படி செய்ய வேண்டும். வானுக்குள் வைப்பதற்கு மூடிய வகைப் பற்றரியே சரி. சாதாரணப் பற்றரி சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் வாயு கிளம்பும். ஒன்று நினைவிருக்கட்டும்: இரண்டாவது பற்றரி மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும், உண்டாக்காது. ஓடும்போதே வோல்ட் இறங்கும் வாகனத்துக்கு இது மருந்தல்ல. பெரிய டைனமோதான் மருந்து.

கப்பாசிட்டர்? ஒரு பரட் கப்பாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்வரை தருவது 32 ஜூல். 500 வொட்ஸ் இழுக்கும் அம்புக்கு அது கண் இமைக்கும் நேரத்துக்குக்கூடப் போதாது.

4. ஊர்வல வாகனம்

சல்லி முத்துமாரியம்மன் கோயில் போன்ற இடங்களின் திருவிழாவுக்கு டிமோ பட்டாவில் ஸ்பீக்கர் கட்டுபவர்களுக்கு இரண்டு நிலையின் கஷ்டமும் சேர்ந்து வரும். என்ஜின் ஓடும், ஆனால் நடை வேகத்தில். அந்தச் சுற்றில் டைனமோ தன் முழு அளவைத் தராது. இங்கே வாகனத்தை நம்பாமல் சிறு ஜெனரேட்டர் வைப்பதே மலிவு.

தனியாகப் பார்க்க வேண்டியவை

பஸ், பெரிய லொறிகள் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால், ஒன்று பட்டினி கிடக்கும், மற்றது கூடுதலாக சார்ஜ் ஆகும், இரண்டும் கெடும். 24ஐ 12 ஆக்கும் கன்வேர்ட்டர் வாங்குங்கள். பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் டைனமோ இல்லை. சிறிய 12 வோல்ட் பற்றரியை பெரிய பற்றரிதான் நிரப்புகிறது, அதுவும் கார் ‘ரெடி’ நிலையில் இருக்கும்போது. செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது.

கடைசியாக, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் இருக்கும் ஊர் இது. ஏர்த் வயர் போடியில் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இறுக்கி, கிரீஸ் பூசுங்கள். பச்சை பூத்த முனையால் சத்தம் குறைந்ததைப் பார்த்து, புது அம்ப் வாங்கிவிடாதீர்கள்.